பொதிமுட்டை

இவ்வாண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு பாடசாலையினர் என்னைக் கேட்டபொழுது, எதைப்பற்றி எழுதுவது என்று சில நாள்கள் தடுமாறினேன். தமிழின் தொன்மை குறித்தும் பண்பாட்டின் சிறப்புக் குறித்தும் என்னினும் கற்றறிந்தோர் இம்மலரின் ஏனைய பக்கங்களில் எழுதுவர். நானோ மொன்றியல் நகரின் உணவுச்சாலை ஒன்றின் குசினியிலே பதினாறு ஆண்டுகள் நின்று உழைத்தவன். ஆதலால் எனக்கு நன்கு தெரிந்த ஒன்றைப் பற்றியே எழுதத் துணிந்தேன். அது ஒரு முட்டையைப் பற்றியது. தலைப்பைக் கண்டு மாணவச் செல்வங்கள் நகைக்கக்கூடும். நகைத்தபின் இறுதிவரை வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

முட்டையை ஓட்டோடு நீரில் இட்டு அவிப்பதும், உடைத்து வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பொரிப்பதும் நம் வீடுகளில் நாள்தோறும் நடப்பவை. அப்பச்சட்டியில் மா ஓரமெங்கும் முறுகத் தொடங்கும்போது, நடுவே ஒரு முட்டையை உடைத்து ஊற்றி மூடிவிட்டால் அது முட்டையப்பம். இழவு வீட்டில் அழுது களைத்தவர்களுக்கும் நோயிலிருந்து எழுந்தவர்களுக்கும் முட்டையை நன்றாக அடித்து, அதன்மேல் சுடச்சுடக் கோப்பியை வார்த்துக் கொடுக்கும் வழக்கமும் யாழ்ப்பாணத்தில் உண்டு. ஆனால், ஓட்டை நீக்கி, உள்ளிருப்பதை மட்டும் கொதிக்காத வெந்நீருள் மெல்ல இறக்கி, வெண்கருவானது மஞ்சட்கருவைச் சுற்றி ஒரு சிறு பைபோல மூடிக்கொள்ளும்வரை வைத்திருந்து எடுக்கும் முறையை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. இவ்வாறு சமைத்த முட்டையைப் பிரெஞ்சு மொழியில் 'பொஷே' என்பர். 'பொஷ்' என்றால் பை என்று பொருள். மஞ்சட்கரு வெண்கருவாகிய பையினுள்ளே இருக்கிறது என்பதே அப்பெயரின் கருத்து.

மொன்றியல் மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை உணவு ஒரு சிறு திருவிழா எனலாம். காலை உணவை இங்கே 'டெஜனே' என்பர். பிரான்சு நாட்டிலோ அதே சொல் மதிய உணவைக் குறிக்கும். வாட்டிய வட்டப் பாண், அதன்மேல் இறைச்சித் துண்டு, அதன்மேல் இரண்டு பொஷே முட்டைகள், எல்லாவற்றின் மேலும் வெண்ணெயும் மஞ்சட்கருவும் எலுமிச்சஞ்சாறும் சேர்த்துச் செய்த குழம்பு. இதனை உண்பதற்காகக் கொட்டும் பனியிலும் குடும்பம் குடும்பமாக உணவுச்சாலை வாசலில் வரிசையாக நிற்பர். அந்த வரிசைக்கு அப்பால், கதவுக்குப் பின்னால் நின்றவர்களுள் நானும் ஒருவன்.

1987 ஆம் ஆண்டின் குளிர்காலத்திலே நான் இந்நகருக்கு வந்து சேர்ந்தேன். மனைவியையும் ஒரு வயதும் நிரம்பாத மகளையும் வடமராட்சியில் என் தாயாருடன் விட்டு வந்திருந்தேன். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நான்கு பேர் ஓர் அறையில் இருந்தோம். நால்வரும் உணவுச்சாலைகளிலேயே வேலை செய்தோம். அக்காலத்தில் இங்கு வந்த நம்மவருட் பலருக்கு முதலிற் கிடைத்த வேலை பாத்திரம் கழுவுவதுதான். இத்தொழில் செய்பவனைப் பிரெஞ்சில் 'புளோஞ்சேர்' என்று அழைப்பர். அச்சொல்லுக்கு நீரில் மூழ்குபவன் என்றும் பொருளுண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். மன்னார்க் கடலில் மூழ்கியவர்கள் முத்தெடுத்தார்கள். நாங்கள் முழங்கைவரை மூழ்கிக் கரண்டி எடுத்தோம் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

நான்கு ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. 1991 ஆம் ஆண்டில் ஒரு நாள், தலைமைச் சமையற்காரர் முகம் சிவக்க நின்றுகொண்டிருந்தார். அவர் வெந்நீரில் இட்ட முட்டைகள் ஒன்றும் கூடிவரவில்லை. வெண்கரு கிழிந்த துணிபோல நூல் நூலாகப் பிரிந்து சென்றது. வந்திறங்கிய பெட்டிகளுள் பழையதும் புதியதும் கலந்திருந்தன. நான் கைகளைத் துடைத்துக்கொண்டு போய், ஒரு வாளியில் குளிர்ந்த நீரை நிரப்பி, அதனுள் முட்டைகளை ஒவ்வொன்றாக விட்டேன். சில அடியில் படுத்தன. சில ஒரு முனையில் நிமிர்ந்து நின்றன. ஓரிரண்டு மிதந்தன. படுத்தவற்றை மட்டும் பொறுக்கி அவரிடம் நீட்டினேன். அவர் அவற்றை உடைத்து இட்டபோது ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு வந்தது. "உனக்கு இதை யார் கற்பித்தார்?" என்று அவர் கேட்டார். "என் தாயார்" என்றேன்.

என் தாயார் வீட்டில் கோழி வளர்த்தவர். கோழியை அடைவைப்பதற்கும் கடைக்குக் கொடுப்பதற்கும் முட்டைகளைத் தெரிவு செய்யும்போது, கிணற்றடியில் ஒரு சட்டி நீரை வைத்து இவ்வாறே பார்ப்பார். "படுத்தது பிள்ளைக்கு, நிண்டது பொரியலுக்கு, மிதந்தது வாழையடிக்கு" என்பது அவர் வாய்ப்பாடு. இதன் காரணத்தை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்தவர் அல்லர். முட்டையோட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. நாள் செல்லச் செல்ல அவற்றின் வழியே உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற, அகன்ற முனையில் உள்ள காற்றறை பெரிதாகின்றது. அதனாலேயே பழைய முட்டை நிமிர்கின்றது; மிகப் பழையது மிதக்கின்றது. அத்துளைகளின் வழியே கரியமில வாயுவும் வெளியேறுவதால் வெண்கருவின் காரத்தன்மை கூடி, திரண்டிருந்த வெண்கரு நீர்த்துப் போகின்றது. புதிய முட்டை வெந்நீரில் ஒன்றுதிரள்வதற்கும் பழையது சிதறுவதற்கும் காரணம் இதுவே. ஓட்டோடு அவித்து உரிப்பதற்கோ சற்றுப் பழைய முட்டையே உகந்தது. புதியதில் வெண்கரு தோலோடு ஒட்டிக்கொண்டு வரும்.

அன்றிலிருந்து கழுவுதொட்டியை விட்டு அடுப்படிக்கு உயர்த்தப்பட்டேன். முட்டை அடுப்பு என் பொறுப்பாயிற்று. ஒரு பெட்டியில் 15 டசின், அதாவது 180 முட்டைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பெட்டிகள் முடிந்துவிடும். முதல் மெட்ரோவில் ஏறிச் சென்று ஆறு மணிக்கு அடுப்பை மூட்டுவேன். அகன்ற பாத்திரத்தில் நீரும் சிறிது வினாகிரியும். புளிப்பு, வெண்கருவை விரைந்து இறுகச் செய்யும். நீர் குதித்துக் கொதித்தல் ஆகாது. முட்டையைச் சிறு கிண்ணத்தில் உடைத்து, கிண்ணத்தின் விளிம்பு நீரைத் தொடும்படி தாழ்த்தி, வழுக்கி விடவேண்டும். சற்றுக் குறைவாக வெந்த நிலையில் துளையுள்ள அகப்பையால் எடுத்துப் பனிக்கட்டி நீருள் இட்டுவிட்டால் அதன் வேக்காடு அங்கேயே நின்றுவிடும். பின்னர் வாடிக்கையாளர் கேட்கும்போது ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வெந்நீரில் காட்டி எடுத்துப் பரிமாறலாம். பெரிய உணவுச்சாலைகளில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே காலையில் இது கிடைப்பதன் இரகசியம் இதுதான்.

இவ்வாறு நான் தொழிலில் முன்னேறினேன். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அந்த விலை ஞாயிற்றுக்கிழமை.

1990 ஆம் ஆண்டிலே மனைவியும் மகளும் இங்கு வந்து சேர்ந்தனர். மகளைத் தமிழ்ப் பாடசாலையிற் சேர்த்தோம். வகுப்புகள் ஞாயிறு காலையில் நடைபெற்றன. ஆண்டு விழாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே வரும். மகளை அழைத்துச் செல்வதும், காத்திருப்பதும், வீட்டுப்பாடம் கேட்பதும் மனைவியின் பொறுப்பாயின. 1995 ஆம் ஆண்டில் மகளுக்கு ஒன்பது வயது. விழாவின் பேச்சுப் போட்டியில் அவள் பங்குபற்றினாள். பல வாரங்களாகக் கண்ணாடியின் முன்னே நின்று பேசிப் பழகினாள். நான் ஒரு நாள் விடுமுறை கேட்டேன். ஞாயிறு தவிர்ந்த எந்த நாளையும் எடுத்துக்கொள் என்று பதில் கிடைத்தது. வாடகையும், ஊருக்கு அனுப்பவேண்டிய பணமும், மனைவி கருவுற்றிருந்ததும் என் வாயை அடைத்தன.

விழாவுக்கு முதல்நாள் இரவு மகள் என்னிடம் கேட்டாள்: "அப்பா, நீங்கள் அங்கை என்ன சமைக்கிறனீங்கள்?" நான் பொஷே முட்டையைப் பற்றிச் சொன்னேன். உடைக்காமல் தட்டில் வைத்தால் சிறிய நிலவு போல இருக்கும் என்றும், கரண்டியால் தொட்டவுடன் உள்ளிருந்து மஞ்சள் ஒழுகும் என்றும் சொன்னேன். "நாளைக்கு உமக்குக் கொண்டு வாறன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் வேலை முடிந்து, இரண்டு முட்டைகளை ஒரு பிளாத்திக்குப் பெட்டியில் வைத்து எடுத்து வந்தேன். மெட்ரோவில் நெரிசல். படிகளில் யாரோ இடித்தார்கள். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தபோது இரண்டும் உடைந்து, மஞ்சள் மூடியெங்கும் ஒட்டிக் குளிர்ந்து உறைந்திருந்தது. மேசையில் அவள் பெற்ற முதற்பரிசுக் கிண்ணம் இருந்தது. அவள் பெட்டியை ஒரு கணம் பார்த்தாள். "பரவாயில்லை அப்பா" என்று சொல்லி, ஒரு கரண்டியை எடுத்து முழுவதையும் வழித்து உண்டாள். எனக்கு அவள் அழுதிருந்தாலும் ஆறுதலாக இருந்திருக்கும். முந்நூறு குடும்பங்களுக்கு உடையாமல் கொடுத்தவன் என் பிள்ளைக்கு உடைந்ததைக் கொடுத்தேன் என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

ஆண்டுகள் சென்றன. 2003 இல் அந்த வேலையை விட்டு, ஞாயிறு ஓய்வுள்ள ஒரு தொழிற்சாலையிற் சேர்ந்தேன். அதற்குள் மகள் தமிழ்ப் பாடசாலையின் கடைசி வகுப்பையும் முடித்திருந்தாள். வீட்டில் ஒருபோதும் நான் அந்த முட்டையைச் சமைக்கவில்லை. கேட்டால் அலுத்துவிட்டது என்பேன். உண்மை அதுவன்று.

அண்மையில் என் பிறந்தநாளுக்கு மகள் ஒரு மின்சாரப் பானையைப் பரிசாகக் கொண்டுவந்து வைத்தாள். அழுத்தத்தில் அவிக்கும், சோறு ஆக்கும், ஆவியில் வேகவைக்கும், தாளிக்கும், தயிரும் உறையவைக்கும். ஒரு பானைக்குள் ஏழு அடுப்பு. எண்கள் மின்னும் அதன் முகப்பைக் கண்ட என் மனைவி, "இது பானையோ, றேடியோவோ?" என்று கேட்டார். ஒரு மாதம் அது அலுமாரிக்குள்ளேயே இருந்தது.

பின்னர் அதன் வரலாற்றைப் படித்தபோது எனக்கு அதன்மீது ஒருவகைப் பரிவு உண்டாயிற்று. நீராவியை இறுக்கி அடைத்துச் சமைக்கும் பானையை முதலில் அமைத்தவர் டெனி பப்பான் என்ற பிரெஞ்சு அறிஞர். 1679 ஆம் ஆண்டில் அவர் அதனை இலண்டனில் செய்து காட்டினார். கடின எலும்பையும் மெதுவாக்கிய அப்பானை வெடித்துவிடாமல் இருக்க, மிகுந்த ஆவியை வெளியேவிடும் வால்வு ஒன்றையும் அவரே அமைத்தார். அவர் புரொட்டஸ்தாந்து சமயத்தவர். 1685 இல் பிரான்சு மன்னர் அச்சமயத்தவருக்கு இருந்த உரிமைகளை நீக்கியதால் தாய்நாடு திரும்ப இயலாதவரானார். நம் காலத்தில், சீனாவிலிருந்து கனடாவுக்கு வந்த ரொபேட் வாங் என்ற கணினிப் பொறியியலாளர், சக பொறியியலாளர்களுடன் சேர்ந்து, ஒட்டாவாவிலே மின்சார அழுத்தப் பானைக்கு வெப்பத்தையும் அழுத்தத்தையும் தானே அளந்து சீராக்கும் அறிவைப் புகுத்தினார். 'இன்ஸ்டன்ட் பொட்' என்ற அப்பானை 2010 இல் விற்பனைக்கு வந்தது. வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சுடச்சுட உணவு கொடுக்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆக, என் குசினியில் இருந்த பானை, நாடு விட்டுப் போன இருவரின் கைப்பட்டது. பிள்ளைகளோடு இருக்க நேரமில்லாத தந்தையருக்காகச் செய்யப்பட்டது. எனக்கு அது முப்பது ஆண்டுகள் பிந்தி வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் மகளின் மகள், என் பேர்த்தி, சனி இரவுகளில் எங்களுடன் தங்கத் தொடங்கினாள். அவளுக்கும் இப்பொழுது ஒன்பது வயது. ஞாயிறு காலையில் தமிழ்ப் பாடசாலைக்குச் செல்வாள். ஒருநாள் அலுமாரியைத் திறந்தவள் பானையைக் கண்டு, "அம்மப்பா, இதிலை முட்டை பொஷே செய்யலாமாம்" என்றாள். பதினாறு ஆண்டு அனுபவமுடைய எனக்கு அன்று ஒரு பொறி பாடம் கற்பித்தது.

முதல் ஞாயிறு, சிறு கிண்ணங்களில் முட்டைகளை உடைத்து ஊற்றி, பானையின் அடியில் நீர்விட்டு, முக்காலித் தட்டில் வைத்து, உயர் அழுத்தத்தில் ஐந்து நிமிடம் வைத்தேன். எடுத்தபோது இறப்பர்ப் பந்து. இரண்டாம் ஞாயிறு முட்டை நன்றாக வந்தது; ஆனால் ஆட்டிறைச்சிக் கறி மணத்தது! மூடியின் உள்ளே இருக்கும் வளையம், வெள்ளிக்கிழமை சமைத்த கறியின் வாசனையை அப்படியே குடித்து வைத்திருந்தது. "இது கறிமுட்டை" என்று பேர்த்தி கைகொட்டிச் சிரித்தாள். கறிக்கு ஒரு வளையம், ஏனையவற்றுக்கு ஒரு வளையம் என்று இரண்டு வைத்துக்கொள்வதே இதற்குப் பரிகாரம்.

என் தவற்றின் காரணத்தை மாணவர்கள் அறிவது நன்று. வெண்கரு ஏறத்தாழ 62 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இறுகத் தொடங்குகின்றது. மஞ்சட்கரு 65 முதல் 70 பாகைக்குள் தடித்து இறுகிவிடும். வெண்கரு இறுகியும் மஞ்சட்கரு இளகியும் இருக்கவேண்டுமானால் நமக்குக் கிடைக்கும் இடைவெளி சில பாகைகளே. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். அழுத்தம் மிகும்போது கொதிநிலையும் உயர்வதால், மூடிய பானையினுள் வெப்பம் 115 பாகையளவுக்கு ஏறுகின்றது. எலும்புக்கும் பருப்புக்கும் அது நன்று. முட்டைக்கோ ஒரு நிமிடம் கூடினாலும் கேடு. பொறி நேரத்தை அளக்கும். முட்டையின் மனத்தை அளக்காது.

ஆகவே இரண்டு முறைகளை வகுத்துக்கொண்டோம். விரைவு வேண்டுமானால், பானையில் ஒரு கோப்பை நீர்விட்டு, எண்ணெய் தடவிய கிண்ணங்களில் முட்டைகளை இட்டு, குறைந்த அழுத்தத்தில் இரண்டு நிமிடம் வைத்து, ஒலி கேட்டவுடன் ஆவியை வெளியேற்றி எடுத்துவிடலாம். அழுத்தம் ஏறுவதற்குச் சில நிமிடங்கள் செல்லும் என்பதை மறக்கலாகாது. ஆவி வெளியேறும் வாயருகே சிறுவர் கைவைக்கவே கூடாது. அதைப் பெரியவர்களே செய்யவேண்டும். இம்முறையில் வரும் முட்டை அடி தட்டையாக, கிண்ணத்தின் வடிவில் இருக்கும். உண்மையில் அது இட்டலிபோல ஆவியில் அவிந்தது. நீருள் மூழ்கியது அன்று.

மெய்யான பொஷே வேண்டுமானால், அதே பானையைத் திறந்தபடி வைத்து, தாளிக்கும் பொத்தானை அழுத்தி, நான்கு விரல் உயரம் நீரைச் சூடாக்கவேண்டும். அடியில் சிறு குமிழிகள் முத்துப்போல ஒட்டியிருக்கும் தருணத்தில் நிறுத்திவிடவேண்டும். ஒரு தேக்கரண்டி வினாகிரி. முட்டையை முதலில் ஒரு வடியில் ஊற்றினால் நீர்த்த வெண்கரு வடிந்துவிடும். திரண்டது மட்டும் நிற்கும். அதனைக் கிண்ணத்துக்கு மாற்றி, நீரின் மேற்பரப்பில் தாழ்த்தி வழுக்கவிடவேண்டும். ஒரு தட்டால் மூடி நான்கு நிமிடம் பொறுத்தால் போதும். பானை சூட்டைக் காக்கும். நாம் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் போதும். சிறு குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர், நோயெதிர்ப்புக் குறைந்தோர் ஆகியோருக்கு மஞ்சட்கரு முற்றாக இறுகும்வரை வேகவைத்தே கொடுத்தல் வேண்டும். 'சல்மொனெல்லா' என்னும் கிருமி பச்சை முட்டையில் இருக்கக்கூடும். எனவே எனக்கும் மனைவிக்கும் இப்பொழுது கூடுதலாகச் சில நிமிடங்கள். எங்கள் தட்டில் மஞ்சள் ஒழுகுவதில்லை.

நாலாம் ஞாயிறு, தண்ணீரிலிருந்து முதல் முட்டை வெண்மையாக, முழுதாக எழுந்தது. பேர்த்தி மேசையோரம் முழங்கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மப்பா, பொஷே எண்டால் பிரெஞ்சு. தமிழிலை என்ன பெயர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் செய்த ஒன்றுக்கு என் மொழியில் ஒரு பெயர் இட எனக்குத் தோன்றியதேயில்லை. பிரெஞ்சில் வேலை செய்தேன், தமிழில் களைத்தேன். அவ்வளவே. "பொஷ் எண்டால் பை" என்று மட்டும் சொன்னேன். அவள் சிறிது யோசித்தாள். பாடசாலையில் பொதி சுமந்த கழுதையின் கதையை அவ்வாரந்தான் படித்திருக்கிறாள். "அப்ப இது பொதிமுட்டை!" என்றாள்.

பொஷ், பொதி என்ற இரு சொற்களுக்கும் உறவு ஏதுமில்லை; ஓசை மட்டுமே ஒத்திருக்கிறது. ஆனால் உறவுடைய சொற்களும் எங்கள் குசினியில் இருந்தன. அவற்றை நான் அவளுக்குக் காட்டினேன். 'குசினி' என்று யாழ்ப்பாணத்தில் நாம் வழங்கும் சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. பிரெஞ்சின் 'கியுசீன்' அதன் உடன்பிறப்பு. 'பாண்' போர்த்துக்கேயச் சொல். பிரெஞ்சில் அதுவே 'பேன்'. 'வினாகிரி' இங்கே 'வினேக்ர்'. 'அலுமாரி' இங்கே 'ஆர்முவார்'. எல்லாம் இலத்தீன் என்னும் ஒரு தாயின் பிள்ளைகள். 1977 ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனத்தின்படி கியூபெக்கில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பாடசாலைகளிலேயே கற்கின்றனர். வாரம் முழுவதும் பிரெஞ்சு, வார இறுதியில் தமிழ் என்று இரண்டையும் தனித்தனி அறைகளில் வைத்திருந்த பேர்த்தி, இரண்டுக்கும் இடையே ஒரு கதவு இருப்பதை அன்று கண்டுகொண்டாள். குசினியிலுள்ள பொருள்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் கேட்கத் தொடங்கினாள்.

அப்பொழுது அவளைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்ல என் மகள் வந்தாள். நேரமாகிவிட்டது என்று வாசலிலேயே நின்றாள். "அஞ்சு நிமிசம் இரும் பிள்ளை" என்று சொல்லி, வாட்டிய பாண் ஒன்றின்மேல் இரண்டாம் முட்டையை வைத்து, சிறிது உப்பும் மிளகும் தூவி அவள் முன்னே வைத்தேன். அவள் மேலங்கியைக் கழற்றாமலே அமர்ந்தாள். கரண்டியை எடுத்தாள். உடனே வெட்டவில்லை. சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உடையாமல் வந்திருக்கு, அப்பா" என்றாள்.

முப்பது ஆண்டுகளாக அவளும் அந்தப் பெட்டியை மறக்கவில்லை என்று அன்றுதான் அறிந்தேன். நான் அடுப்பைத் துடைப்பதுபோலத் திரும்பி நின்றேன். துடைப்பதற்கு அங்கே அடுப்பு இருக்கவில்லை, பானைதான் இருந்தது.

பெற்றோர்களே, இம்மலரை வாசிக்கும் உங்களுட் பலர் இன்றும் ஞாயிறு காலையில் வேலைக்குச் செல்பவர்கள் என்பதை அறிவேன். உங்களைக் குறைகூற எனக்கு எவ்வித தகுதியும் இல்லை. வாடகையும் மின்கட்டணமும் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். நீங்கள் வேலைத்தலத்தில் அந்நியருக்குச் செய்துகொடுக்கும் நல்ல பொருளில் ஒன்றையாவது, ஒரு நாளாவது, உங்கள் பிள்ளையின் முன்னே வைத்துச் செய்து காட்டுங்கள். உங்கள் கைக்குள் என்ன அறிவு இருக்கிறது என்பதை அவர்கள் அறியட்டும். என் தாயாரின் ஒரு சட்டி நீர் எனக்குச் சோறு போட்டது. அதனை என் மகளுக்குக் காட்டாமலே காலத்தைக் கழித்துவிட்டேன். இப்பொழுது பேர்த்தி ஒவ்வொரு முட்டையையும் முதலில் நீரில் விட்டுப் பார்த்து, "படுத்தது பிள்ளைக்கு" என்று சொல்லியே எடுக்கிறாள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அவர்கள் இந்நகருக்கு வந்தபோது என்ன வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். அந்த வேலையின் சொற்களைத் தமிழில் எழுதி வையுங்கள். சொல் இல்லாத இடத்தில் பேர்த்தியைப்போல ஒன்றை ஆக்கிப் பாருங்கள். தவறானால் ஆசிரியர் திருத்துவார்.

இவ்விழாவில் என் பேர்த்தி பேச்சுப் போட்டியில் பங்குபற்றுகிறாள். அன்று காலையும் எங்கள் வீட்டில் பொதிமுட்டை உண்டு. அதை முடித்துக்கொண்டு, விழா தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து மண்டபத்தின் முன்வரிசையில் நான் அமர்ந்திருப்பேன். என் அருகே அவளுடைய தாயும் இருப்பாள். விழா இனிதே நிறைவுற வாழ்த்துகிறேன்.